காற்று மேல் கோபமில்லை

தங்காக்கிலிருந்து விமானம் ஏற வேண்டுமானால், வானத்தில் பறக்கும் நேரத்தைவிடத் தரையில் கழியும் நேரம்தான் அதிகம். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ஒரு பக்கம் மூவார், இன்னொரு பக்கம் மலாக்கா. ஆனால் சென்னைக்கோ திருச்சிக்கோ போக வேண்டுமென்றால், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடி கேஎல்ஐஏவுக்குப் போய்ச் சேர வேண்டும். அனைத்துலகப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும். ஆக, நான்கு மணி நேர விமானப் பயணத்துக்கு ஐந்து மணி நேரத் தரைக் கணக்கு.

இது சாதாரண நாளின் கணக்கு. வங்கக் கடலில் புயல் எழும்பிய நாளின் கணக்கு வேறு. தீபாவளிக்கு முந்திய வாரம் தங்காக் போயிருந்தபோது அந்தக் கணக்கைத்தான் பலரும் என்னிடம் சொன்னார்கள்.

தங்காக்கைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலாக்கா எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. 2008ஆம் ஆண்டு மூவாரிலிருந்து பிரிந்து லேடாங் என்ற தனி மாவட்டமானது. பிறகு அந்த மாவட்டத்துக்கே தங்காக் என்று பெயர் மாறியது. ஊருக்குப் பின்னால் 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை நிற்கிறது. காலையில் மேகம் மூடிக்கிடக்கும். மதியம் கொஞ்சம் விலகும். மாலையில் இடியோடு மறுபடி மூடிக்கொள்ளும்.

ஆனால் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது மலையல்ல, துணி. கடைத்தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் துணிச் சுருள்கள்தான். திரைச்சீலை, மெத்தை உறை, பாஜு கூரோங் தைக்கும் துணி, சேலை, பாவாடைத் துணி என்று எல்லாம் கிடைக்கும். 'துணிச் சொர்க்கம்' என்று மலாய்க்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. மலாக்காவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போகிறார்கள். தீபாவளி வாரத்தில் நிறுத்துவதற்கு இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும்.

துணி இருக்கும் ஊருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு இல்லாமல் இருக்குமா? காஞ்சிபுரம், சென்னை தியாகராய நகர் என்று சரக்குப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு என்று போகிறவர்கள் அதைவிட அதிகம். பெரும்பாலோர் போவது ஆண்டிறுதியில்தான். அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் புயல்கள் சென்னையை நோக்கி வருகிற காலமும் அதுதான்.

துணிக்கடை நடத்தும் ஓர் அக்கா தன் கதையைச் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. மறுநாள் சென்னையில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அக்காவும் எழுபத்தெட்டு வயது மாமியாரும் கிளம்பினார்கள். விமானம் மாலை ஐந்து மணிக்கு மேல். தங்காக்கிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்கே புறப்பட்டுவிட்டார்கள்.

"பெட்டியை எடை போட வரிசையில நிக்கிறோம் தம்பி. முன்னால நின்ன பையன் போனைப் பார்த்துட்டுச் சொல்றான், ஆன்ட்டி, சென்னை ஏர்போர்ட்டை மூடிட்டாங்கன்னு. எங்களுக்கு ஒரு மெசேஜும் வரல."

அந்தப் பையன் சொன்னது சரிதான். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து சென்னை விமான நிலையத்தின் சேவை நிறுத்தப்பட்டது. நம் நேரத்துக்கு மதியம் இரண்டரை. முதலில் இரவு ஏழு மணிவரை என்று அறிவித்தார்கள். பிறகு மறுநாள் விடியற்காலை நான்கு மணிவரை என்று நீட்டித்தார்கள். இந்த 'முதலில்', 'பிறகு' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் அக்காவின் முழு நாளும் போனது.

ஏழு மணிக்குத் திறக்கும் என்று நம்பி, விமானம் 'தாமதம்' என்று பலகையில் போட்டார்கள். ஒரு மணி நேரம். அப்புறம் இன்னும் இரண்டு மணி நேரம். சாப்பாட்டுச் சீட்டு கிடைத்தது, ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மாமியாருக்கு இன்சுலின் ஊசி. சாப்பாட்டு நேரம் தவறினால் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் 'ரத்து' என்ற சொல் பலகையில் வந்தது.

அப்புறம் தங்குமிடம் பற்றிக் கேட்டிருக்கிறார். முகப்பில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீடு மலேசியாவிலதானே, போயிட்டு நாளைக்கு வாங்க" என்றாராம்.

"வீடு மலேசியாவிலதான். ஆனா ராத்திரி பத்து மணிக்கு அந்த வயசானவங்களைக் கூட்டிக்கிட்டுத் தங்காக் போய், விடிஞ்சதும் மறுபடி வரணுமா? நானும் கத்தல, சண்டை போடல. காத்து மேல கோபமில்ல தம்பி. காத்து அடிச்சா விமானம் இறங்காது, அது எனக்கும் தெரியும். ஆனா எங்களை உட்கார வச்ச விதம்…" என்று நிறுத்திவிட்டு, வாடிக்கையாளருக்கு நான்கு மீட்டர் துணியை அளந்து வெட்டினார்.

அவர் சொன்னதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இந்த விவகாரமே தெளிவாகிவிடும். ஒன்று, விமானம் ஏன் பறக்கவில்லை என்பது. இன்னொன்று, பறக்காதபோது நம்மை எப்படி வைத்திருந்தார்கள் என்பது. முதலாவது காற்றின் கையில் இருக்கிறது. இரண்டாவது மனிதர்கள் கையில் இருக்கிறது.

காற்றின் பக்கத்தை முதலில் பார்ப்போம். விமானம் ஓடுபாதையின் நீளவாக்கில்தான் இறங்க முடியும். எதிர்க்காற்று அடித்தால் நல்லது. பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஆபத்து. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தாங்கக்கூடிய பக்கவாட்டுக் காற்றின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. பாதை எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கும் எல்லை உண்டு. ஓடுபாதையில் தண்ணீர் தேங்கினால் சக்கரத்தின் பிடிமானம் போய்விடும். அதே ஃபெஞ்சல் நாளில் சென்னையில் இறங்க வந்த ஓர் இண்டிகோ விமானம், தரையைத் தொடப்போகும் நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடியும் மேலே ஏறிப் போன காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்போம். பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். விமானியைப் பொறுத்தவரை அது பயிற்சியில் சொல்லித்தரப்பட்ட, பாதுகாப்பான முடிவு.

சென்னைக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாள்கள் மூடிக்கிடந்தது. அப்போது அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, மறுநாள் காலை ஒன்பது மணிவரை நிலையம் மூடப்பட்டது. வந்துகொண்டிருந்த பல விமானங்களை பெங்களூருக்குத் திருப்பிவிட்டார்கள். அடையாறு ஆற்றின் மேல் பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டிய நிலையம் அது. ஆறு பெருகினால் நிலையத்துக்குக் கவலைதான்.

புயல் என்றால் அது இந்தியக் கடற்கரைக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் வெப்பமண்டலப் புயல் உருவாகாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஏனென்றால் காற்றைச் சுழலவைக்கும் பூமியின் சுழற்சி விசை அங்கே மிகக் குறைவு. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் நம் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் ஐந்து பேர் இறந்தார்கள். அது உருவான இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.4 பாகைதான்.

கேஎல்ஐஏவில் அன்றாடம் விமானங்களைத் தாமதப்படுத்துவது புயலைவிட மாலை நேர இடிமின்னல்தான். மின்னல் நிலையத்துக்கு அருகில் வந்துவிட்டால், விமானத்தடியில் வேலை செய்யும் ஊழியர்களை உள்ளே அழைத்துவிடுவார்கள். பெட்டி ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் நிற்கும். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு, "மழை விட்டுடுச்சே, இன்னும் ஏன் கிளம்பல?" என்று தோன்றும். வெளியே திறந்த வெளியில் நிற்பவரின் உயிர் அந்த அரை மணி நேரத் தாமதத்தில் இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் எல்லோரும் கேட்பது: சென்னை திறந்த பிறகும் ஏன் விமானம் இல்லை? ஒரே விமானம்தான் கோலாலம்பூரிலிருந்து சென்னை போய், அங்கே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. திரும்பி வந்து வேறு ஊருக்குப் போகிறது. அது பெங்களூரில் மாட்டிக்கொண்டால், சென்னையில் காத்திருப்பவரும் மாட்டிக்கொள்கிறார், கோலாலம்பூரில் அடுத்த பயணத்துக்குக் காத்திருப்பவரும் மாட்டிக்கொள்கிறார். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற சட்டம் உண்டு. காத்திருந்த நேரமும் அந்தக் கணக்கில் சேரும். வானம் தெளியும்போது அவர்களுடைய நேரம் முடிந்திருக்கும். புயல் கரையைக் கடந்து ஒரு நாள் ஆன பிறகும் பலகையில் சிவப்பு எழுத்துகள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இவை எல்லாவற்றையும் நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஏற்றுக்கொள்ளத் தேவையில்லாதது இனிமேல் வருகிறது.

நம் நாட்டில் 2016 ஜூலையிலிருந்து மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிமுறை நடப்பில் இருக்கிறது. விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவும் தொலைபேசி, இணைய வசதியும் தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி, இரவு தங்க வேண்டிய அவசியம் வந்தால் தங்குமிடமும் போய்வர வண்டியும் தர வேண்டும். ரத்தானால் மாற்று விமானமா, கட்டணத்தைத் திருப்பிப் பெறுவதா என்பதைப் பயணி தேர்ந்தெடுக்கலாம். 2024 செப்டம்பர் 2 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், ரத்தாகாவிட்டாலும்கூட, பயணம் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த வழியில் செலுத்தினோமோ அதே வழியில் 30 நாளுக்குள் வர வேண்டும். கூப்பனாகத்தான் தருவோம் என்று நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது.

இந்த விதிமுறையைப் பார்த்துக்கொண்டிருந்தது மாவ்கோம் என்ற ஆணையம். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து அது மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைந்துவிட்டது. புகார் இருந்தால் முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் இந்த ஆணையத்திடம் போகலாம்.

இந்தியாவிலிருந்து திரும்பும்போது சிக்கிக்கொண்டால், அங்கேயும் விதி இருக்கிறது. முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய்வரை இழப்பீடு என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வைத்திருக்கிறது. ஆனால் வெள்ளம், இயற்கைச் சீற்றம் போன்ற அசாதாரணச் சூழ்நிலையில் அந்த இழப்பீடு கிடையாது. நியாயம்தான். புயலுக்கு யார் அபராதம் கட்டுவது?

இந்த இடத்தில்தான் பல நிறுவனங்கள் ஒரு சின்ன வித்தை செய்கின்றன. "வானிலை காரணம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இழப்பீடும் இல்லை, சாப்பாடும் இல்லை, படுக்கையும் இல்லை, பதிலும் இல்லை என்பதுபோல் நடந்துகொள்கின்றன. இழப்பீடு வேறு, பராமரிப்பு வேறு.

இதை நீதிமன்றம்வரை கொண்டுபோனவர் அயர்லாந்துப் பயணி ஒருவர். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் மேகம் ஐரோப்பிய வானத்தையே மூடிப்போட்டது. போர்ச்சுகலில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட அவர், சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்துக்கு ஆன சுமார் 1,130 யூரோவைக் கேட்டு ரயன்ஏர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். இது அசாதாரணத்திலும் அசாதாரணம், எங்களால் என்ன செய்ய முடியும் என்றது நிறுவனம். 2013 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இழப்பீடு தர வேண்டியதில்லை, ஆனால் பயணியைப் பராமரிக்கும் கடமை நின்றுவிடாது. எத்தனை நாளானாலும் அது தொடரும். பயணிக்குப் பராமரிப்பு மிகவும் தேவைப்படுவதே அப்படிப்பட்ட நாளில்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் இருக்கும் நியாயம் துணிக்கடை அக்கா சொன்ன நியாயம்தான்.

லேடாங் மலைக்கு ஓர் இளவரசிக் கதை உண்டு. பெண் கேட்டு வந்த மலாக்கா சுல்தானுக்கு அவள் ஏழு நிபந்தனை போட்டாள். மலையிலிருந்து மலாக்காவுக்கு ஒரு தங்கப் பாலம், ஒரு வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம், ஏழு தட்டு உண்ணி இதயம் என்று பட்டியல் நீளும். வேண்டாம் என்பதை நிபந்தனைகளாகச் சொன்னாள் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். சில விமானச் சீட்டுகளின் நிபந்தனைகளைப் படிக்கும்போது எனக்கு அந்த இளவரசி நினைவுக்கு வருகிறாள். வித்தியாசம், அவள் தன் நிபந்தனைகளை முகத்துக்கு நேரே சொன்னாள்.

அக்காவின் கதையில் இன்னொரு முடிச்சும் இருந்தது. செய்தி ஏன் வரவில்லை? வந்திருக்கிறது. அவருக்கல்ல, சீட்டுப் போட்டுக் கொடுத்த முகவருக்கு. பதிவில் இருந்தது முகவரின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும்தான். சனிக்கிழமை மதியம் அவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். தங்காக் போன்ற சின்ன ஊர்களில் பெரியவர்கள் இன்னும் முகவர் மூலமாகத்தான் பயணச் சீட்டு எடுக்கிறார்கள். கோலாலம்பூரில் இருப்பவருக்குத் தாமதமாக வரும் செய்தி ஓர் எரிச்சல், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத் தூரத்திலிருந்து வருபவருக்கு அது வண்டிச் செலவு, மருந்து நேரம், தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. விமான நிறுவனத்தின் கணினியில் இரண்டு பேருமே 'கோலாலம்பூர் பயணி'தான்.

இப்போது தங்காக்கில் சிலர் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முகவரிடம் சீட்டு எடுத்தாலும், பதிவு எண்ணை வாங்கி, வீட்டுப் பிள்ளைகள் நிறுவனத்தின் செயலியில் பயணியின் சொந்தக் கைப்பேசி எண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள். மருந்தும் ஒரு மாற்று உடையும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடுவதில்லை. நவம்பர், டிசம்பரில் முக்கியமான சடங்குக்குப் போகிறவர்கள் ஒரு நாளல்ல, இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுகிறார்கள். 'தாமதம்' என்ற எழுத்து பலகையில் வந்ததும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கிறார்கள். எத்தனை மணிக்கு எது சொல்லப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. தாமே பணம் போட்டுச் சாப்பிட்டால், தங்கினால், ரசீதை எறிவதில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னால், "வீடு தங்காக், இத்தனை கிலோமீட்டர், அம்மாவுக்கு இத்தனை வயது" என்று எழுத்தில் கொடுத்து, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்கிறார்கள். இரவு தங்குவது 'அவசியமா' என்று முடிவு செய்யும் உரிமையை முகப்பில் இருப்பவரிடம் மட்டும் விட்டுவிடுவதில்லை.

முகப்பில் நிற்பவரையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். இருநூறு பேரின் கோபத்தை எதிர்கொள்வது பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கே தகவல் கடைசியில்தான் வருகிறது. விமானம் எப்போது பறக்கும் என்று சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை. "அடுத்த தகவல் எட்டு மணிக்கு, அதுவரை சாப்பாடு இங்கே, ரத்தானால் படுக்கை இங்கே" என்று சொல்லும் அதிகாரத்தையாவது நிறுவனம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டும். இன்சுலின் போடும் ஒரு பாட்டிக்கு எட்டு மணி என்ற சொல் போதும், ஊசியை எப்போது போடுவது என்று அவர் திட்டமிட்டுக்கொள்வார்.

அக்காவின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் அத்தை இல்லாமலே நடந்தது. தங்காக்கில் வாங்கி வைத்திருந்த சேலை மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. கட்டணத்தில் ஒரு வெள்ளிகூடக் குறையாமல் திரும்பி வந்தாலும் அந்த நாளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அதை அக்காவும் கேட்கவில்லை.

பருவமழை தொடங்கப்போகிறது. இந்த ஆண்டும் வங்கக் கடலில் ஏதாவது ஒன்று சுழலும், அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், சென்னையில் ஓடுபாதை மூடப்படும். அந்த மாலையில் கேஎல்ஐஏவின் நாற்காலிகளில் தங்காக்கிலிருந்தும் சிகாமாட்டிலிருந்தும் மூவாரிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்கப்போவது மூன்றே விஷயம்: உண்மையான தகவல், நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரிக்கு ஓர் இடம். இளவரசியின் பட்டியலோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னப் பட்டியல்.